விட்ட மீன் பிழைத்ததா? முள் வாங்கும்போதே முடிவாகிவிடும் விஷயம்

தூண்டில் சாமான் விற்கும் கடையில் முதல் கேள்வி, "என்ன நம்பர்?" என்பதுதான். முள்ளின் அளவைச் சொல்லும் எண் அது. செருப்பு சைஸ் மாதிரி நேரான கணக்கு இல்லை. 10-ஐ விட 6 பெரிது, 6-ஐ விட 1 பெரிது. 1-ஐத் தாண்டிவிட்டால் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். நம்பரைச் சொன்னால் கடைக்காரர் ஒரு குட்டி டப்பாவை நகர்த்துவார், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். முள் என்ன வடிவம், நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த இரும்பு என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "மீன் மாட்டும் சார், எடுத்துட்டுப் போங்க" என்று பதில் வரும்.

என் சித்தப்பாவும் இருபது வருடமாக அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மீனவர் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரில் ராடையும் வாளியையும் கட்டிக்கொண்டு முட்டுக்காடு கழிமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். வெயில் ஏறும் வரை அங்கேதான். இரண்டு வருடமாக நானும் கூடப் போகிறேன்.

அவரிடம் ஒரு விதி உண்டு. முழங்கை நீளத்துக்குக் குறைந்த மீன் வீட்டுக்கு வராது. மாட்டினால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார். விடும்போது, "போ, பெருசானப்புறம் வா" என்று சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். அந்தக் கணக்கில் இத்தனை வருடத்தில் எத்தனை நூறு மீன்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

போன வருடம் ஒரு காலையில் சின்ன கொடுவா ஒன்று மாட்டியது. உயிர் இறாலை முழுசாக விழுங்கியிருந்தது. வாய்க்குள் பார்த்தால் முள் தெரியவில்லை, நரம்பு மட்டும் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா குறடால் பிடித்து இரண்டு தரம் திருகி இழுத்தார். முள் வந்தது. கூடவே செவுள் பக்கமிருந்து ரத்தமும் வந்தது. மீனைத் தண்ணீரில் விட்டார். அது வாலை ஒரு வெட்டு வெட்டி உள்ளே போய்விட்டது. "பார்த்தியா, ஜம்முனு போகுது" என்றார்.

கால் மணி நேரம் கழித்துப் பாலத்தின் தூண் ஓரமாக ஒரு மீன் வயிறு மேலே தெரிய மிதந்து வந்தது. பருந்து ஒன்று இறங்கித் தூக்கிக்கொண்டு போனது. "அது வேற மீனா இருக்கும் பாப்பா" என்றார் சித்தப்பா. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அன்று முழுக்க அவர் "பெருசானப்புறம் வா" என்று எந்த மீனிடமும் சொல்லவில்லை.

விட்ட மீன் நீந்திப் போவதும் பிழைத்துக்கொள்வதும் ஒன்றில்லை. இதைப் பெரிய அளவில் கணக்குப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய அட்லான்டிக் கடற்கரையில் வரிக்கெண்டை மாதிரி உடம்பில் கோடு போட்ட 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்றொரு மீன். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு அது என்றால் உயிர். பிடித்ததில் பெரும்பகுதியைத் திருப்பி விட்டுவிடுவார்கள். விட்டதில் நூற்றுக்கு ஒன்பது செத்துவிடும் என்பது அங்குள்ள மீன்வள அமைப்பு வைத்திருக்கும் மதிப்பீடு. ஒன்பதுதானே என்று தோன்றும். ஆனால் விடுகிற மீன்கள் கோடிக்கணக்கில் என்றால்? 2017-ல் மீன்பிடிப்பால் செத்த ஸ்ட்ரைப்டு பாஸ்களைக் கூட்டிப் பார்த்தபோது, கிட்டத்தட்ட பாதி, விடப்பட்ட பிறகு செத்தவை. சாப்பிடுவதற்காக வீட்டுக்கு எடுத்துப்போனவற்றைவிட, பாவம் பார்த்து விட்டதில் செத்தது அதிகம். அதனால் 2021-லிருந்து, இரை குத்தி அந்த மீனைப் பிடிக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் வட்ட முள்தான் போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

வட்ட முள் என்றால் என்ன?

நம் ஊர்க் கடையில் நம்பர் சொன்னதும் வருவது ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி இருக்கும் சாதாரண முள். நேரான தண்டு, கீழே ஒரு வளைவு, நுனி மேலே பார்த்து நிற்கும். வட்ட முள்ளில் நுனி மேலே பார்க்காது. உள்பக்கமாக, தண்டை நோக்கித் திரும்பி, கிட்டத்தட்ட குறுக்கே நிற்கும். முதல் தடவை பார்த்தால், இதில் எப்படி மீன் மாட்டும் என்றுதான் தோன்றும். சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். "யாரோ தப்பா வளைச்சு வச்சிருக்கான்."

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு துணிப்பைக்குள் திறந்த ஊக்கு ஒன்றையும், வாய் லேசாக விரிந்த சாவி வளையம் ஒன்றையும் நூலில் கட்டிப் போடுங்கள். வெளியே இழுங்கள். ஊக்கு போகிற வழியிலெல்லாம் துணியைக் குத்தும். வளையம் எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். பையின் வாய் ஓரத்துக்கு வந்து, நூல் அந்த விளிம்பில் மடங்கும்போதுதான் வளையம் திரும்பி, விளிம்பைக் கவ்வும். வட்ட முள் மீனுக்குள் செய்வதும் இதேதான். மீன் இரையை விழுங்கிவிட்டுத் திரும்பி நீந்தும். நரம்பு இறுகும். முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து, வாயின் மூலையில், தாடை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அங்கே செவுள் இல்லை, இதயம் இல்லை, குடல் இல்லை. கழற்றுவதும் சுலபம்.

கொடுவாவுக்கு இது ரொம்பவே பொருந்தும். கொடுவா கடித்துத் தின்கிற மீன் இல்லை. வாயை 'டப்'பென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். இரவில் பாலத்தடியில் நின்றால் அந்தச் சத்தமே கேட்கும். உறிஞ்சின வேகத்தில் இரை நேராகத் தொண்டைக்குத்தான் போகும். உயிர் இறாலோ குட்டி மடவையோ குத்தி சாதாரண முள் போட்டுவிட்டு, கொஞ்சம் அசந்திருந்தால் கதை முடிந்தது.

ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. இளம் சூரை மீன்களில், 'புளூஃபின்' என்ற வகையில், 2002-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. வட்ட முள்ளில் மாட்டியவற்றில் 94 சதவிகிதத்துக்குத் தாடையில் குத்தியிருந்தது. நேரான முள்ளில் அது 52 சதவிகிதம்தான். 2004-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வட்ட முள்ளால் மீன் சாவது சாதாரண முள்ளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்றார்கள். எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி இல்லை. வாய் மிகச் சின்னதாக இருக்கும் மீன், கொறித்துத் தின்னும் மீன் ஆகியவற்றில் வித்தியாசம் குறையலாம். ஆனால் விழுங்கும் மீன்களுக்கு இதை மிஞ்சின முள் இல்லை.

இதை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. இந்தோனேசியாவின் ஆலோர் தீவில் சுமார் 12,000 வருடப் பழைய கல்லறை ஒன்றைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். உள்ளே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. கூடவே சிப்பியில் செதுக்கிய தூண்டில் முட்கள். அவற்றில் பெரும்பாலானவை வட்ட வடிவம். மீன்பிடித்தல் என்றாலே ஆண்கள் வேலை என்று பேசுகிறவர்களிடம் நான் இப்போது இந்தக் கல்லறையைத்தான் சொல்கிறேன். பசிபிக் தீவுக்காரர்களும் எலும்பிலும் சிப்பியிலும் இதே வடிவத்தைப் பல நூறு ஆண்டுகளாகச் செய்து வந்தவர்கள். 1980-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடிக்கும் மீனவர்கள் மொத்தமாக வட்ட முள்ளுக்கு மாறினார்கள். மீன் மேல் இரக்கப்பட்டு இல்லை. மாட்டின மீன் நழுவாமல் இருந்தது, பிடிபாடு கூடியது, அவ்வளவுதான். இரக்கக் கணக்கு பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

சுண்டக் கூடாது

சித்தப்பாவுக்கு ஒரு பாக்கெட் வட்ட முள் வாங்கிக் கொடுத்தேன். சாதாரண முள்ளுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் இரண்டு டீ காசு. கடைக்காரர் 'சர்க்கிள் ஹூக்' என்றதும் பின்பக்கம் போய்த் தேடி எடுத்துவந்தார். "பெரிய மீனுக்குப் போறவங்கதான் கேப்பாங்க" என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் சித்தப்பா வெறுங்கையோடு வந்தார். காரணம் முள் இல்லை. இருபது வருடப் பழக்கம். நரம்பு ஒரு இழுப்பு இழுத்ததும் ராடை மேலே வெடுக்கென்று சுண்டுவது தூண்டில்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. சாதாரண முள்ளுக்கு அது தேவை, நுனி குத்த வேண்டும். வட்ட முள்ளில் சுண்டினால், அது திரும்பிக் கவ்வுவதற்கு முன்பே வாயைவிட்டு வெளியே பறந்துவிடும். செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. மீன் இழுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டு, நரம்பு இறுகினதும் நிதானமாக ரீலைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு கட்டத்தில் ராடைத் தூக்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரர், இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். "சார், உங்களுக்கு மீன் வேணுமா வேணாமா? வேணாம்னா வீட்லயே இருக்கலாமே" என்றார். அப்புறம் முள்ளை வாங்கி விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆயிரங்கால் தூண்டிலுக்கு இது நல்லா இருக்கும். தொண்டைல குத்தினா நாங்க இழுக்குறதுக்குள்ள செத்துப் போயிடும். வாயோரமா மாட்டினா உசுரோட வரும். உசுரோட வந்தா வெலை" என்று சொன்னார். ஒரு நீளக் கயிற்றில் வரிசையாக நூற்றுக்கணக்கான முள் கட்டி விடுவதைத்தான் ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள். அவர் பார்த்ததும் ஹாலிபட் மீனவர்கள் பார்த்த அதே கணக்குதான்.

நான்காவது ஞாயிறு ஆறு மீன் மாட்டியது. ஐந்தில் முள் வாயோரத்தில் இருந்தது. ஒன்று கெளுத்தி, அது எந்த முள்ளாக இருந்தாலும் விழுங்கியே தீருவேன் என்று இருந்தது. சித்தப்பா அன்று வீடு வரும் வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

வட்ட முள் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முள்ளை மேஜை மேல் படுக்க வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படுத்தால் சரி. நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தூக்கிக்கொண்டு நின்றால், அந்த முள் வட்டமாக இருந்தும் தொண்டையில் குத்தும் வாய்ப்பு அதிகம். பாக்கெட்டில் இரண்டும் 'சர்க்கிள்' என்றுதான் போட்டிருக்கும். அளவும் முக்கியம். மிகச் சின்ன முள் முழுசாக உள்ளே போய்விடும்.

அடுத்தது நுனிக்குக் கீழே பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் குட்டி முள். சித்தப்பா அதைப் 'பல்' என்பார். மாட்டின மீன் நழுவாமல் இருக்கத்தான் அது. குறடால் ஓர் அழுத்து அழுத்தினால் படிந்துவிடும், பல் இல்லாத முள் என்று தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பல் இல்லாவிட்டால் மீன் சாவது குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. சிலது குறையும் என்கின்றன, சிலது பெரிய வித்தியாசம் இல்லை என்கின்றன. என் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். பல்லை அழுத்திவிட்ட முள் இரண்டு நொடியில் கழன்றுவிடுகிறது. மீன் கையில் இருக்கும் நேரம் குறைகிறது. மனுஷ விரலில் குத்திக்கொண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் உருவிவிடலாம். இதற்காகவே நான் அழுத்தச் சொல்வேன். நரம்பைத் தொய்வு விடாமல் சுற்றினால் மீனும் அவ்வளவாகத் தப்பிப்பதில்லை.

மூன்று முனை முள் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. பிளாஸ்டிக் மீன் மாதிரி இருக்கும் போலி இரைகளில் வயிற்றடியில் ஒன்று, வாலடியில் ஒன்று என்று இந்த மூன்று முனை முட்கள் தொங்கும். முன்னாடி இருப்பது வாயில் குத்தும். மீன் திமிறும்போது பின்னாடி இருப்பது கண்ணிலோ செவுளிலோ போய் ஏறும். மீனை விடுவதாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுவது பத்து நிமிட வேலை. வளையத்தைப் பிரித்து மாற்ற ஒரு சின்ன இடுக்கி போதும். குடும்பத்தோடு போகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், மீனுக்காக இல்லாவிட்டாலும் குழந்தைக்காகவாவது இதைச் செய்துவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் கெளுத்தி மாதிரி ஒன்று விழுங்கிவிட்டால்? குறடை உள்ளே விட்டுத் தோண்டக் கூடாது. வாய்க்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிட்டு, முள்ளோடு விட்டுவிட வேண்டும். கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் தொண்டையில் குத்திய முள்ளைப் பிடுங்கி விட்ட மீன்களையும், நரம்பை வெட்டி விட்ட மீன்களையும் தொட்டியில் வைத்துப் பார்த்த சோதனைகளில், வெட்டி விட்டவைதான் அதிகம் பிழைத்தன. அவற்றில் பல, முள்ளைத் தாங்களே எப்படியோ வெளியேற்றியும் விட்டன. இங்கேதான் இரும்பின் கதை வருகிறது. துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள் நமக்கு லாபம், வருஷக்கணக்கில் பளபளவென்று இருக்கும். மீனின் தொண்டையிலும் அது அப்படியே இருக்கும். சாதாரண இரும்பு முள் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். விடுவதற்காகப் பிடிக்கிறவர்கள் மட்டமான முள்தான் வாங்க வேண்டும் என்பது இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த விநோதம்.

ஸ்டாப்வாட்சில் பார்த்தேன்

முள்ளை மாற்றினால் மட்டும் போதாது என்பது என் வேலையால் புரிந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பதால் வைரலாகும் மீன்பிடி வீடியோக்கள் தினமும் கண்ணில் படும். ஒரு நாள் சும்மா ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஒருவர் பெரிய மீனைத் தூக்கி, கேமராவைப் பார்த்துப் பேசி, ஸ்பான்சருக்கு நன்றி சொல்லி, முத்தம் கொடுத்து, தண்ணீரில் விடுகிறார். "நாங்க கொல்ல மாட்டோம் நண்பர்களே." இரண்டு நிமிடம் பத்து வினாடி. கமென்ட் முழுக்கக் கைகூப்பும் எமோஜி.

கனடாவில் 1992-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டு நிமிடத்துக்குப் பதில் வைத்திருக்கிறது. ரெயின்போ ட்ரவுட் மீன்களைத் தொட்டியில் களைத்துப்போகும் வரை துரத்தினார்கள், தூண்டிலில் போராடுவது மாதிரி. வெளியே தூக்காமல் விட்டவற்றில் 12 சதவிகிதம் செத்தன. 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவிகிதம். 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவிகிதம். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், எல்லா மீனும் அவ்வளவு மென்மையில்லை. கொடுவா கொஞ்சம் தாங்கும். ஆனால் நம் ஊர்த் தண்ணீர் சூடு. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சித்திரை வெயிலில் போராடி மூச்சிரைக்கும் மீனைக் காற்றில் தூக்கிப் பிடிப்பது, மாடிப்படி ஏறி வந்தவர் மூக்கைப் பொத்துவது மாதிரி.

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை, துண்டு, சுடுமணல் இவை மூன்றும் மீன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். நமக்குத் தோல் மாதிரி அதற்கு அந்த வழவழப்பு. போட்டோ வேண்டுமென்றால் தண்ணீருக்குள் வைத்தே எடுக்கலாம். நான் எடுத்துப் பார்த்தேன், வெயில் பட்டு இன்னும் அழகாகத்தான் வருகிறது.

எதை விடுவது என்பதிலும் கொஞ்சம் யோசிக்க இருக்கிறது. சித்தப்பாவின் விதிப்படி சின்னதெல்லாம் தண்ணீருக்கு, பெரியதெல்லாம் சட்டிக்கு. கொடுவா விஷயத்தில் இது முழுசாகச் சரியில்லை. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வளரத் தொடங்கும். வருடங்கள் போய் நன்றாகப் பெருத்த பிறகு பெண்ணாக மாறும். அப்படியென்றால் மார்பளவு இருக்கும் கொடுவா ஒவ்வொன்றும் ஒரு தாய். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் எடுக்கக் கூடாது, 120-க்கு மேல் போனதையும் எடுக்கக் கூடாது. நடுவில் இருப்பதுதான் வீட்டுக்கு. இந்தியாவில் முதன்முதலாகக் கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்தது சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 1997-ல். அதன் ஆய்வுப் பண்ணை இருப்பது இதே முட்டுக்காட்டில்தான். சித்தப்பா உட்காரும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

பிடித்து விடுவது என்றால் நம் பக்கத்தில் பழைய ஆட்கள் காவிரியைத்தான் சொல்வார்கள். கடலில் கலப்பதற்கு ரொம்ப முன்னால், கர்நாடகத்தில், சிவனசமுத்திரத்துக்கும் மேகதாட்டுக்கும் நடுவில் ஓடும் காவிரி. அங்கே பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகளி என்று மூன்று முகாம்கள் இருந்தன. உலகம் முழுக்கவிருந்து ஆட்கள் மஷீர் மீன் பிடிக்க வருவார்கள். கெண்டைக் குடும்பத்தின் ராட்சசன் அது. இரை என்ன தெரியுமா? ராகி மாவு உருண்டை. பிடித்து, எடை பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு, ஆற்றில் விட்டுவிட வேண்டும். 1946-ல் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மஷீர் ஒன்று பிடிபட்டது அந்தப் பக்கத்துக் காவிரிக் குடும்பத்தில்தான். சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று 2010-களின் தொடக்கத்தில் இதெல்லாம் நின்றுபோனது.

நின்ற பிறகுதான் அந்த நோட்டுகளுக்கு மரியாதை வந்தது. 1998 முதல் 2012 வரை கலிபோரே முகாமில் எழுதி வைத்த கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முதுகில் திமில் மாதிரி இருக்கும் காவிரியின் சொந்த மஷீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. வேறு இடத்திலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்து நல்லெண்ணத்தில் விட்ட நீலத் துடுப்பு மஷீர் பெருகிக்கொண்டே வந்திருந்தது. நூறு வருடத்துக்கு மேலாக ஆட்கள் தேடித் தேடிப் பிடித்த திமில் மஷீருக்கு அறிவியல் பெயர் எது என்பதே 2018-ல்தான் உறுதியானது. அதே வருடம் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பட்டியலிலும் ஏறியது. மிச்சம் இருப்பதில் ஒரு கூட்டம் நம் மோயாற்றில் இருக்கிறது. பிடித்து எழுதி வைத்தவர்கள் இல்லாவிட்டால் இது காணாமல் போவதே வெளியே தெரிந்திருக்காது. தூண்டில்காரர்களை மொத்தமாகத் திட்ட எனக்கு மனம் வராததற்கு இதுவும் காரணம். அதே சமயம், ஓர் இனத்தில் மிச்சமே கொஞ்சம்தான் என்னும்போது, விடப்போகிற மீனின் தொண்டையில் எந்த முள் என்பது பொழுதுபோக்குப் பேச்சாகவும் இருக்க முடியாது.

பாட்டிக்கு இதில் எதிலும் சம்மதம் இல்லை. அவருடைய வாதம் எளிமையானது. "சாப்பிடுறதுக்குப் பிடி. இல்லன்னா பிடிக்காத. பிடிச்சு, நோகடிச்சு, அப்புறம் நான் நல்லவன்னு விடறதுக்கு எதுக்குடா விடிகாலைல ஓடற?" என்று சித்தப்பாவைக் கேட்பார். வட்ட முள், பல் அழுத்தின முள், நனைந்த கை எல்லாவற்றையும் நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடிக்காம இருந்தா இன்னும் நல்லா பிழைக்கும் இல்ல?" என்றார். சித்தப்பா பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். என்னிடமும் அதற்குப் பதில் இல்லை. இப்போதைக்கு நான் சொல்லக் கூடியது, அவர் போகப்போவது உறுதி என்றால் எந்த முள்ளோடு போகிறார் என்பதில் வித்தியாசம் இருக்கிறது என்பது மட்டும்தான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, விதிக்கு உட்பட்ட கொடுவா ஒன்று வீட்டுக்கு வந்தது. முழங்கையைத் தாண்டின நீளம். பாட்டி அரிவாள்மனையில் உட்கார்ந்து தலையைப் பிளந்தார். தொண்டைக்குக் கீழே கத்தி எதிலோ இடறியது. விரலால் நெருடி எடுத்துப் பார்த்தார். பழைய தூண்டில் முள். சாதாரண ஜே முள். கறுத்து, பாதி உதிர்ந்து, பல் இருந்த இடமே தெரியவில்லை. சுற்றிலும் சதை கெட்டியாக மூடியிருந்தது. முள்ளின் கண்ணில் ஒரு விரற்கடை நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நுனி கிழிந்திருக்கவில்லை, நேராக வெட்டப்பட்டிருந்தது.

"இது உன்னோடதாடா?" என்றார் பாட்டி.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னோடதில்லம்மா. நான் அப்பல்லாம் வெட்டி விடறதில்ல" என்றார்.

பாட்டி முள்ளை வாங்கி, யார் காலிலும் குத்திவிடாமல் ஒரு காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டார். பிறகு புளி கரைக்கச் சொல்லி என்னிடம் கிண்ணத்தை நீட்டினார்.